விற்காமல் நிற்கும் வீடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நானும் என் கணவரும் 1996இல் பாளையங்கோட்டையில் ஐந்தரை சென்ட் மனையில் 1,400 சதுர அடிக்கு வீடு கட்டிக் குடியேறினோம். இப்போது கோவையில் இருக்கும் மகனோடு போய்த் தங்க முடிவு செய்து, வீட்டை 95 லட்சத்துக்கு விற்க முயல்கிறோம். பக்கத்துத் தெருவில் ஒரு வீடு 1 கோடிக்குப் போனதாகக் கேள்விப்பட்டுத்தான் இந்த விலையை வைத்தோம். எங்கள் தெருவில் மனை சதுர அடி 2,500 ரூபாய்க்குப் போகிறது. வாசலில் பலகை மாட்டி, நான்கு தரகர்களிடம் சொல்லிவைத்துப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. முப்பது பேராவது வந்து பார்த்திருப்பார்கள். ஒருவரும் இரண்டாம் முறை வரவில்லை. வாஸ்து சரியில்லை, வாசலை மாற்றுங்கள் என்கிறார்கள் உறவினர்கள். அதற்கு ஒன்றரை லட்சம் ஆகுமாம். மாற்றலாமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, பாளையங்கோட்டை

பதில்: வாசலை மாற்ற வேண்டாம், அம்மா. வாஸ்து பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. ஒருவருக்காக வடக்கே திருப்பிய வாசலை அடுத்தவர் குறை சொல்வார். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது, வந்தவர் எவரும் இரண்டாம் முறை வரவில்லை என்ற ஒரு வரிதான். வங்கியின் வீட்டுக்கடன் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். யாருமே வந்து பார்க்காத வீட்டில் விளம்பரத்தில் குறை இருக்கும். இரண்டு மூன்று முறை வந்து, முன்பணம் வரைக்கும் பேசிவிட்டு விலகினால் பத்திரத்தில் குறை இருக்கும். ஒருமுறை பார்த்துவிட்டு எல்லோரும் போய்விடுகிறார்கள் என்றால், பார்த்த வீட்டுக்கும் கேட்ட விலைக்கும் பொருந்தவில்லை என்று பொருள்.

வாங்க வருபவர் பெரும்பாலும் கடனை நம்பித்தான் வருகிறார். ஆகவே உங்கள் வீட்டை வங்கியின் மதிப்பீட்டாளர் எப்படிப் பார்ப்பார் என்று கணக்கிடுவோம். ஐந்தரை சென்ட் என்பது ஏறக்குறைய 2,400 சதுர அடி. நீங்கள் குறிப்பிட்ட 2,500 ரூபாய் விலையில் மனை 60 லட்சம். இன்று இதே வீட்டைப் புதிதாகக் கட்டச் சதுர அடிக்கு 2,300 ரூபாய் ஆகும் என்று வைத்தால் கட்டடத்துக்கு 32 லட்சம் ஆகும். ஆனால் கான்கிரீட் கட்டடத்தின் ஆயுளை 60 ஆண்டு என்று கொண்டு, கழிந்துபோன பாதிக்காலத்துக்குத் தேய்மானம் கழித்து, கடைசியில் மிஞ்சும் மதிப்பாகப் பத்து விழுக்காட்டை விட்டுவைத்தால், கட்டடத்துக்கு அவர் எழுதக்கூடியது 18 லட்சத்துக்கு மேல் போகாது. இரண்டும் சேர்ந்து 78 லட்சம். நீங்கள் ஒவ்வொரு செங்கல்லாகப் பார்த்துக் கட்டிய வீட்டை இப்படி ஒரு தொகையாக எழுதிக்காட்டுவது எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் வாங்குபவரின் கடன் இந்தத் தொகையின் மேல்தான் கிடைக்கும்.

ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடன், சொத்து மதிப்பில் 80 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. பேசிய விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதையே வங்கி எடுத்துக்கொள்ளும். எனவே உங்கள் வீட்டுக்கு அதிகபட்சக் கடன் 62 லட்சத்து 40 ஆயிரம். விலை 95 லட்சம் என்றால் மீதி 32 லட்சத்து 60 ஆயிரத்தை வாங்குபவர் கையிலிருந்து போட வேண்டும். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு என்று மேலும் 8 லட்சத்து 55 ஆயிரம் ஆகும். இந்தச் செலவையும் கடனில் சேர்க்க முடியாது. ஆக, அவர் 41 லட்சத்துக்கு மேல் கையில் வைத்திருக்க வேண்டும். அதே வீட்டை 80 லட்சத்துக்குப் பேசினால் 17 லட்சத்து 60 ஆயிரமும் பதிவுக்கு 7 லட்சத்து 20 ஆயிரமும் சேர்த்து ஏறக்குறைய 25 லட்சம் போதும். நீங்கள் விட்டுக்கொடுப்பது 15 லட்சம் என்றாலும், வாங்குபவரின் கைப்பணச் சுமை 16 லட்சத்துக்கு மேல் குறைகிறது. 25 லட்சம் சேர்த்து வைத்திருக்கும் குடும்பங்கள் உங்கள் ஊரில் நிச்சயம் உண்டு. 41 லட்சம் வைத்திருப்பவரோ புது வீட்டையோ காலி மனையையோ தேடிப் போய்விடுகிறார்.

பக்கத்துத் தெருவில் 1 கோடிக்குப் போன வீட்டின் மனை எத்தனை சென்ட், மூலை மனையா, எந்த ஆண்டில் கட்டியது என்று விசாரித்தீர்களா? பதிவுத்துறையின் இணையதளத்தில் அந்தப் புல எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால், எந்தத் தேதியில் எந்தத் தொகைக்குக் கிரயம் ஆனது என்று தெரிந்துவிடும். பத்திரத்தில் குறைத்து எழுதும் வழக்கம் இருப்பதால் அதை அப்படியே சந்தை விலையாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் காற்றில் வந்த 1 கோடியைவிட அது நம்பத் தகுந்தது.

விலையை இறக்குவதென்றால் ஒரே முறையில் இறக்குங்கள். மாதம் ஒரு லட்சமாகக் குறைத்தால், இன்னும் குறையும் என்று தரகரும் வாங்குபவரும் காத்திருக்கத் தொடங்குவார்கள். பலகையை எடுத்துவிட்டு, மூன்று வாரம் கழித்து 82 லட்சம் என்று சொல்லிப் புதிதாக விளம்பரம் கொடுத்து, 80இல் முடிப்பது என் யோசனை. நான்கு தரகர்களிடம் வீடு இருப்பதும் உங்களுக்குப் பாதகம். ஒருவர் 92 என்றும் மற்றவர் 97 என்றும் சொல்லும்போது, அவசரத்துக்கு விற்கிறார்களோ, உள்ளே ஏதாவது வில்லங்கம் இருக்கிறதோ என்ற சந்தேகம் கேட்பவருக்கு வருகிறது. நம்பகமான ஒருவரிடம் மட்டும் மூன்று மாதத்துக்குக் கொடுத்து, தரகு இவ்வளவு என்பதை எழுதியே கொடுத்துவிடுங்கள். தனக்கு வர வேண்டியது உறுதி என்று தெரிந்தால் அவர் ஓடியாடி ஆள் கூட்டி வருவார்.

வாசலுக்கென்று எடுத்துவைத்த ஒன்றரை லட்சத்தில் ஒரு பகுதியை வீட்டுக்குச் செலவிடலாம். குளியலறைச் சுவரில் ஏறியிருக்கும் ஓதம், சன்ஷேடில் காரை உதிர்ந்து தெரியும் துருக்கம்பி, சொட்டும் குழாய், இறுகிப்போன ஜன்னல் கொக்கி ஆகியவற்றை முதலில் சரிசெய்யுங்கள். இவை சிறிய குறைகள்தாம். ஆனால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இன்னும் என்னென்ன இருக்குமோ என்ற பயத்தை இவையே கிளப்புகின்றன. அதன்பின் வெளிர் நிறத்தில் ஒரு கோட் பெயிண்ட் போதும். சமையலறையை இடித்துப் புதுப்பிக்க வேண்டாம். வாங்குபவர் அதைத் தம் விருப்பப்படி மாற்றத்தான் போகிறார். ஆட்கள் வரும் நாளில் தொட்டியை நிரப்பி வைத்துக் குழாயைத் திறந்து காட்டுங்கள். தாமிரபரணித் தண்ணீர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறது, போர்வெல் எத்தனை அடி, கோடையில் வற்றியதுண்டா என்பதையெல்லாம் அவர்கள் கேட்குமுன் நீங்களே சொல்லிவிடுங்கள். படங்களைக் காலை வெயிலில், கூடத்தில் குவிந்திருக்கும் சாமான்களை ஒதுக்கிவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். வந்தவர்கள் அறைகளைச் சுற்றிப் பார்க்கும்போது கூடவே நடக்காமல் திண்ணையில் உட்கார்ந்திருங்கள். கணவனும் மனைவியும் தங்களுக்குள் கட்டிலை எங்கே போடலாம் என்று பேசிக்கொள்ளும் அந்த ஐந்து நிமிடம் மிக முக்கியமானது.

கேள்வி: கும்பகோணத்தில் அப்பா தம் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு. அவர் 2011இல் உயில் எழுதாமல் காலமானார். பாட்டி அதற்கு முன்பே இறந்துவிட்டார். இப்போது அம்மா, நான், சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, திருமணமான தங்கை ஆகியோர் இருக்கிறோம். விலையில் யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் மூன்று பேர் பலமுறை வந்து பேசி, வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு வருகிறோம் என்று போனவர்கள் திரும்பவே இல்லை. பட்டா இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது.
– வாசகர், கும்பகோணம்

பதில்: நோய் என்ன என்பதை நீங்களே கடைசி வரியில் எழுதிவிட்டீர்கள். நீங்கள் இந்து என்று கொண்டு சொல்கிறேன். தந்தை தாமாகச் சம்பாதித்த சொத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகன்களுக்கும் மகளுக்கும் சம பங்கு உண்டு. ஆகவே கிரயப் பத்திரத்தில் உங்கள் தங்கை உள்பட நால்வரும் கையெழுத்திட வேண்டும். திருமணத்தின்போது சீர் செய்தாயிற்று, அவள் கேட்கமாட்டாள் என்று குடும்பத்துக்குள் பேசிக்கொள்வதை வாங்குபவரின் வழக்கறிஞர் ஏற்கமாட்டார், ஏற்கவும் கூடாது. தங்கைக்கு உரியதைத் தங்கைக்குக் கொடுப்பதாக முதலிலேயே பேசி முடித்துவிட்டால், வீடு பாதி விற்றதற்குச் சமம்.

வட்டாட்சியர் அலுவலகத்தில் அப்பாவின் இறப்புச் சான்றைக் கொடுத்து வாரிசுச் சான்றிதழ் பெறுங்கள். அதை வைத்துப் பட்டாவை நால்வர் பெயருக்கு மாற்றி, சொத்துவரி, மின் இணைப்பு ஆகியவற்றிலும் பெயரை மாற்றுங்கள். குறைந்தது முப்பது ஆண்டுக்கு இடைவெளி விழாத வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், அப்பாவின் கிரயப் பத்திரம், வீட்டுக்கு அனுமதி பெற்ற வரைபடம் ஆகியவற்றோடு சேர்த்து ஒரே கோப்பாக்கி, உங்கள் செலவிலேயே ஒரு வழக்கறிஞரிடம் கருத்துரை வாங்கி வையுங்கள். வாங்க வருபவரிடம் நகல் தொகுப்பை முதல் நாளே கொடுத்துவிடலாம். அசல்களை மட்டும் கையைவிட்டு அனுப்ப வேண்டாம்.

தம்பி நேரில் வர இயலாவிட்டால், சிங்கப்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பொது அதிகார ஆவணத்தை அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்துசேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டுத் திண்டாடிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்றும் உண்டு. உள்நாட்டில் இருப்பவரிடமிருந்து 50 லட்சமோ அதற்கு மேலோ விலையுள்ள சொத்தை வாங்கினால், 1 விழுக்காட்டை வருமானவரியாகப் பிடித்துக் கட்டினால் போதும். வெளிநாடு வாழ் இந்தியரின் பங்குக்கு அப்படியில்லை. நெடுங்காலச் சொத்தானால் 12.5 விழுக்காடும் அதன்மேல் கூடுதல் வரிகளும் பிடிக்க வேண்டும். பிடிக்கத் தவறினால் பொறுப்பு வாங்கியவர் தலையில் விழும். இதைக் கேட்டதும் பலர் நமக்கெதற்கு என்று ஒதுங்கிவிடுகிறார்கள். தம்பியின் உண்மையான ஆதாயத்துக்கு ஏற்றபடி குறைந்த விகிதத்தில் பிடிக்கலாம் என்ற சான்றிதழை வருமானவரித் துறையிடம் அவர் முன்கூட்டியே விண்ணப்பித்துப் பெற்றுவிட்டால், வாங்குபவருக்கும் தெளிவு, தம்பியின் பணமும் முடங்காது.

கேள்வி: அம்பத்தூரில் 1998இல் கட்டிய அடுக்ககத்தில், லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடியில் 850 சதுர அடி வீடு எனக்கு இருக்கிறது. பத்திரம் வங்கியில் இருக்கிறது. கடனில் 6 லட்சம் பாக்கி. இதைக் கேட்டதுமே வருபவர்கள் தயங்குகிறார்கள்.
– வாசகர், சென்னை

பதில்: கடன் பாக்கி இருப்பது பெரிய தடையே இல்லை. பாக்கித் தொகையையும், தன்னிடம் இருக்கும் அசல் ஆவணங்களின் பட்டியலையும் உங்கள் வங்கியிடம் எழுத்தில் வாங்கிக் காட்டுங்கள். வாங்குபவரின் வங்கியே அந்தத் தொகையை நேரே உங்கள் வங்கிக்குச் செலுத்திப் பத்திரங்களைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு நாள்தோறும் நடப்பதுதான். உங்களால் புரட்ட முடிந்தால் முன்னதாகவே அடைத்துவிடுவது இன்னும் நல்லது. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதக் கட்டணம் கிடையாது. கடன் முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதி.

உங்கள் விளம்பரத்தில் 850 சதுர அடி என்று மட்டும் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பழைய அடுக்கக வீட்டின் விலையில் பெரும்பகுதி அதன் பிரிபடாத மனைப்பங்கில்தான், அதாவது கட்டடம் நிற்கும் மனையில் அந்த வீட்டுக்கு உரிய பங்கில்தான் இருக்கிறது. அக்காலத்துச் சிறிய அடுக்ககங்களில் அது இன்றைய உயரக் கட்டடங்களில் கிடைப்பதைவிடக் கணிசமாக அதிகமாக இருக்கும். உங்கள் பத்திரத்தில் எத்தனை சதுர அடி என்று பார்த்து, அதை விளம்பரத்தின் முதல் வரியில் போடுங்கள். மூன்றில் இரு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் வழி செய்திருப்பதால், விவரம் தெரிந்தவர்கள் இதைத்தான் தேடுகிறார்கள். மாடிப்படி ஏற முடியாத முதியவர்களை விட்டுவிட்டு, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் இளம் குடும்பங்கள் பக்கம் தரகரைத் திருப்பிவிடுங்கள்.

கேள்வி: ஒன்பது மாதத்துக்குப் பிறகு ஒருவர் நாங்கள் கேட்ட விலைக்கே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் பாதியைப் பத்திரத்தில் எழுதி, மீதியை ரொக்கமாகத் தருகிறேன் என்கிறார். வேறு ஆள் வராததால் சம்மதித்துவிடலாமா?
– வாசகி, தென்காசி

பதில்: வேண்டாம், அம்மா. ஒன்பது மாதம் காத்திருந்த களைப்பு புரிகிறது. ஆனால் வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமானவரிச் சட்டம் தடுக்கிறது. பெற்ற தொகைக்குச் சமமான தொகையே அபராதமாக வரக்கூடும். பணத்தின் ஒரு பகுதி பாக்கி நின்றுவிட்டாலும் கேட்பதற்கு உங்கள் கையில் எழுத்து இருக்காது. முழுத் தொகையையும் வங்கி வழியாகத் தருவதானால் ஓரிரு லட்சம் குறைத்துக்கொள்கிறேன் என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். மறுத்தால், அந்தக் குறைந்த விலையையே விளம்பரத்தில் போடுங்கள்.

கேள்வி: ஆடி மாதத்தில் வீடு விற்பனைக்கு விளம்பரம் கொடுப்பது வீணா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: ஆடியில் முன்பணம் கொடுக்கப் பலர் விரும்புவதில்லை என்பது உண்மை. அந்த மாதத்தைப் பட்டா, வில்லங்கச் சான்று வேலைகளுக்கும் பழுது பார்ப்பதற்கும் ஒதுக்கி, ஆவணி பிறந்ததும் விளம்பரம் கொடுங்கள். அது தவறினால் தை முதல் பள்ளி விடுமுறை வரை இன்னொரு நல்ல காலம் இருக்கிறது. ஜூனில் பிள்ளைகளைப் புதுப் பள்ளியில் சேர்க்க நினைப்பவர்கள் அப்போதுதான் தேடுவார்கள். எதுவானாலும் பருவமழைக்கு முன் மொட்டை மாடியின் விரிசல்களை அடைத்துவிடுங்கள். ஐப்பசியில் வீடு பார்க்க வருபவர் உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து கூரையைத்தான் பார்ப்பார்.