அடியைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்: பழைய டை-காஸ்ட் (உலோகத்தில் வார்த்த பொம்மை) கார் கேள்விகள்

கேள்வி: சார், வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் 1952-இல் செய்த அசல் டிங்கி (இங்கிலாந்து பொம்மை கார் பிராண்டு) ஸ்டாண்டர்டு வேன்கார்டு என்று ஒரு கார் போட்டிருக்கிறார். பெட்டியோடு 9,000 ரூபாய். பளபளவென்று கீறலே இல்லை, ஜன்னல் கண்ணாடி கூட உடையாமல் இருக்கிறது. வாங்கலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: ஜன்னல் கண்ணாடி உடையவில்லை என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. 1952-இல் வந்த டிங்கிக்குக் கண்ணாடியே கிடையாது. ஜன்னல் இருக்கும் இடம் வெறும் ஓட்டைதான், விரலை விட்டால் உள்ளே போகும், உள்ளே சீட்டும் இருக்காது. பிளாஸ்டிக் கண்ணாடி வைத்த கார் என்று பெரிதாக விளம்பரம் செய்து 1956-இல் கடைக்கு வந்தது கோர்கி என்ற போட்டி பிராண்டு. அதற்குப் பிறகுதான் லிவர்பூலில் டிங்கி செய்துகொண்டிருந்த மெக்கானோ கம்பெனியும் அந்த வழிக்கு வந்தது. ஆகவே உங்களுக்குக் காட்டுவது ஒன்று பின்னாளில் செய்த நகல், இல்லையென்றால் பழைய காருக்கு யாரோ கண்ணாடி வைத்து அலங்காரம் செய்திருக்கிறார்கள்.

இன்னொன்று, அந்தப் பெட்டி. வேன்கார்டின் பழைய எண் 40இ. 1953-54 வாக்கில் டிங்கி எல்லா எண்களையும் மாற்றியபோது அது 153 ஆனது. அதற்கு முன்னால் இந்த மாதிரிச் சின்ன கார்கள் ஆறு ஆறாக ஒரே அட்டைப்பெட்டியில் கடைக்குப் போகும், கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பார். தனித்தனி மஞ்சள் பெட்டி எல்லாம் எண் மாறிய காலத்துச் சமாச்சாரம். பெட்டியில் 153 என்று போட்டிருந்தால் 1952 என்பது கதை. இப்போது அச்சடித்த நகல் பெட்டிகளைத் தனியாகவே விற்கிறார்கள், அதில் தவறில்லை, நகல் என்று சொல்லி விற்றால். ரூபாய் நோட்டு பார்க்கும் நீல விளக்கு இருந்தால் பெட்டியின் உள்பக்கம் அடித்துப் பாருங்கள். இந்தக் காலத்து வெள்ளை அட்டை பளீரென்று நீலமாக ஒளிரும், பழைய அட்டை பெரும்பாலும் மங்கலாகவே கிடக்கும்.

அப்புறம் காரைத் திருப்பிப் போட்டு படம் கேளுங்கள். மேலே இருந்து எடுத்த பத்து படத்தை விட அடித்தகட்டின் ஒரு படம் மேல். வெயில் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல். அடித்தகட்டைப் பிடித்திருக்கும் ரிவிட் தலை இரண்டும் தொழிற்சாலையில் அழுத்தினபடி வட்டமாக, கொஞ்சம் தேய்ந்து இருக்க வேண்டும். நடுவில் துளை போட்ட அடையாளமோ, திருகாணியோ, பசையோ தெரிந்தால் காரைப் பிரித்திருக்கிறார்கள், பிரித்தது சும்மா இல்லை, பெயின்ட் அடிக்கத்தான். நான் முதன்முதலில் வாங்கிய மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு அப்படித்தான். பச்சை நிறம், கண்ணைப் பறித்தது. வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் கதவுக் கோடு பெயின்டில் பாதி மூழ்கிக் கிடக்கிறது, ரிவிட் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பசை. விற்றவர் "நான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது" என்றார், அதோடு போனை எடுப்பதில்லை.

என்னைக் கேட்டால் மூலை முடுக்கில் பெயின்ட் உரிந்து, ஏதோ ஒரு பையன் எழுபது வருஷத்துக்கு முன்னால் தரையில் ஓட்டினது தெரிகிற வேன்கார்டுதான் வாங்க வேண்டியது. அந்த மாதிரி இங்கிலாந்து ஏலத் தளங்களில் இருபது முப்பது பவுண்டுக்கு அடிக்கடி வருகிறது. அங்கிருந்து வரவழைத்தால் சுங்க வரியைக் காரின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவையும் சேர்த்துப் போடுவார்கள், அதைக் கணக்கில் வையுங்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தின டிங்கி என்று யாராவது காட்டினால் கூடுதல் கவனம் தேவை. காரை வார்த்த துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துவிட்டால் உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து, உப்பி, மயிரிழை மாதிரி விரிசல் விட்டு, கடைசியில் பிஸ்கட் போல உதிரும். மருந்து கிடையாது.

கேள்வி: இப்போதுதான் தொடங்குகிறேன். 1950-களின் கார்கள்தான் வேண்டும். 1:18, 1:43, 1:64 எதில் போவது? (கோவை வாசகர்)

பதில்: அலமாரியின் ஆழத்தை முதலில் அளந்துவிட்டுச் சொல்லுங்கள். வால் முளைத்த 1959 கேடிலாக் நிஜத்தில் சுமார் 5.7 மீட்டர். அதை 1:18-இல், அதாவது நிஜ நீளத்தில் பதினெட்டில் ஒரு பங்காக, வாங்கினால் 32 சென்டிமீட்டர், ஒரு தட்டில் இரண்டு மூன்று வைத்தால் முடிந்தது. 1:43-இல் அதுவே 13 சென்டிமீட்டர்தான், நம்ம அம்பாசடர் 10. அந்தக் காலத்து டிங்கி, கோர்கி கார்களும் ஏறத்தாழ இந்த அளவில்தான் இருப்பதால் பழசும் புதுசும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கதவு, பானெட் திறந்து எஞ்சின் பார்க்கிற ஆசை என்றால் மட்டும் 1:18. பழைய மேட்ச்பாக்ஸ் பிராண்டு வண்டிகள் எல்லாம் 1:64 என்று சொல்லி விற்பதை நம்பாதீர்கள், அவை பெட்டிக்குள் அடங்குகிற அளவுக்குச் செய்தவை, பஸ்ஸும் காரும் ஒரே உயரம் இருக்கும்.

கேள்வி: அம்பாசடரின் அப்பா எந்தப் பழைய மாடலில் கிடைக்கும்? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: அம்பாசடர் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸிலிருந்து வந்தது. டிங்கியின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு அதற்கும் மூத்த வண்டி, இங்கே ஹிந்துஸ்தான் 14 என்று ஓடியது. முகம் பார்த்து ஏமாறாதீர்கள். கோர்கி 1956-இல் விட்ட மோரிஸ் கௌலி கிடைத்தால் விடாதீர்கள், அதன் உடம்பு, அம்பாசடருக்கு முன்னால் ஓடிய நம்ம லேண்ட்மாஸ்டருக்கு ஒன்றுவிட்ட சகோதரன். கடைகளில் இழுத்துவிட்டால் ஓடுகிற அம்பாசடர் பெரும்பாலும் பிளாஸ்டிக். அழகாகத்தான் இருக்கும், ஆனால் டை-காஸ்ட் என்று சொல்லி அதற்கு விலை ஏற்றினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் டிங்கி மாதிரியே ஒரு கார், அடியில் நிக்கி டாய்ஸ், மேட் இன் இந்தியா என்று இருக்கிறது. போலியா?

பதில்: போலி இல்லை! டிங்கி பயன்படுத்தி முடித்த அச்சுகள் 1960-களின் இறுதியில் கல்கத்தாவுக்கு வந்தன, அதில் வார்த்தவைதான் நிக்கி. பெயின்ட் முரடாக இருக்கும், ஓரத்தில் பிசிறு இருக்கும், அது குறையல்ல, அடையாளம். தயவுசெய்து மெருகு போடாதீர்கள்.

கேள்வி: 1:18 காரின் டயர், அது நிற்கிற பிளாஸ்டிக் மேடையோடு ஒட்டிக்கொண்டு உருகின மாதிரி இருக்கிறது. பூச்சி வராமல் இருக்கப் பாச்சா உருண்டையும் போட்டிருக்கிறேன். (சென்னை வாசகர்)

பதில்: முதலில் அந்த உருண்டையை எடுத்து வெளியே போடுங்கள், நாப்தலின் ஆவி பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். மென்மையான டயரில் இருக்கும் எண்ணெய்ப் பசை போன்ற பொருள் மெல்லக் கசிந்து அடியில் இருக்கிற பிளாஸ்டிக்கைக் கரைக்கிறது. காரின் அடியில், சக்கர அச்சுகளுக்கு நடுவில் சின்ன மரக்கட்டை வைத்து டயர் தரையைத் தொடாமல் நிறுத்துங்கள். தெர்மாகோல் பெட்டிக்குள் பிளாஸ்டிக் தாள் சுற்றி வருஷக்கணக்கில் மூடி வைப்பதும் வேண்டாம், சென்னைப் புழுக்கத்துக்குப் பெயின்ட் கொப்பளிக்கும்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய புது கார், பக்கக் கண்ணாடி உடைந்து வந்தது. "நோ ரிட்டர்ன்" என்கிறார்கள். (மதுரை வாசகர்)

பதில்: சொல்லட்டும். 2020-இன் மின்வணிக விதிகளின்படி, உடைந்தோ, சொன்னதற்கு மாறாகவோ வந்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. பெட்டியைப் பிரிக்கிறபோது எடுத்த வீடியோ, பில், அவர்களோடு நடந்த சாட் மூன்றையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கு மேல் புதுக் காரை விற்கிற கடைக்கும் இதே எண்தான். ஆனால் வாட்ஸ்அப் குழுவில் தன் அலமாரியிலிருந்து எடுத்து விற்கிற தனி ஆளிடம் இந்த விதி எல்லாம் சுலபத்தில் எடுபடாது, அதனால்தான் திருச்சிக்காரரிடம் பணம் அனுப்புவதற்கு முன்னாலேயே அடித்தகட்டுப் படம் கேட்கச் சொன்னேன்.