பத்து லட்சத்துக்குள் மாருதி: அம்மாவும் வசதியாக ஏறி இறங்க எந்த கார்?

கேள்வி: மதுரையில் இருக்கிறோம். நான், மனைவி, பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள், மூட்டுவலி உள்ள எழுபது வயது அம்மா. அலுவலகத்துக்குத் தினமும் 30 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். மாதம் ஒருமுறை எல்லோருமாகத் தென்காசிப் பக்கம் சொந்த ஊருக்குப் போய்வருவோம். மனைவி இப்போதுதான் கார் ஓட்டப் பழகுகிறார். சர்வீஸ் வசதிக்காக மாருதி என்று முடிவு செய்துவிட்டோம். ஆன்ரோடு, அதாவது சாலை வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து, பத்து லட்சம் வரை போகலாம். வேகன்-ஆர், ஸ்விஃப்ட், டிசையர், பலேனோ, ஃப்ராங்க்ஸ், பிரெஸ்ஸா என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். சிஎன்ஜி (இயற்கை எரிவாயுவில் ஓடும் கார்) எடுக்கலாமா என்றும் ஒரு யோசனை.

பதில்: இந்த ஆறு பெயர்களையும் ஆறு தனித்தனி கார்களாகப் பார்ப்பதால்தான் குழப்பம். பானெட்டைத் திறந்து பார்த்தால் கதை சுருங்கிவிடும். ஸ்விஃப்டிலும் டிசையரிலும் ஒரே இன்ஜின்தான்: 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர், 82 குதிரைத்திறன். பலேனோ, ஃப்ராங்க்ஸ், 1.2 வேகன்-ஆர் மூன்றுக்கும் நான்கு சிலிண்டர் கொண்ட பழைய 1.2 லிட்டர், 90 குதிரைத்திறன். பிரெஸ்ஸாவில் மட்டும் 1.5 லிட்டர், 103 குதிரைத்திறன். ஃப்ராங்க்ஸில் ஒரு லிட்டர் டர்போவும் உண்டு, உங்கள் ஓட்டத்துக்கு அது வேண்டாம்.

நான்கு சிலிண்டர் இன்ஜின் சிக்னலில் நிற்கும்போது அதிர்வில்லாமல் அமைதியாக இருக்கும். மூன்று சிலிண்டரில் லேசான நடுக்கம் தெரியும், ஆனால் பெட்ரோல் மிச்சம். டிசையர் மேனுவலுக்கு நிறுவனம் சொல்லும் மைலேஜ் லிட்டருக்கு 24.79 கிலோமீட்டர், பலேனோவுக்கு 22.35. சோதனைக் கூடத்துக் கணக்கு இது. நகர நெரிசலில் பதினாறு, பதினெட்டு கிடைத்தால் நல்ல ஓட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு வருவோம். ஆன்ரோடு பத்து லட்சம் என்றால் எக்ஸ்-ஷோரூம் விலை (சாலை வரியும் இன்சூரன்ஸும் சேராத விலை) ஏறக்குறைய எட்டரை லட்சத்தில் நிற்க வேண்டும். தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு 13 சதவீதம் சாலை வரி, மேலே இன்சூரன்ஸ். விலை பத்து லட்சத்தைத் தாண்டினால் வரி 18 சதவீதமாகிவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியும் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. நான்கு மீட்டருக்குள் நீளமும் 1200 சிசிக்குள் இன்ஜினும் உள்ள பெட்ரோல் காருக்கு 18 சதவீதம், மற்றதற்கு 40. பிரெஸ்ஸா நீளத்தில் நான்கு மீட்டருக்குள் அடங்கினாலும் இன்ஜின் 1462 சிசி. அதனால் அது 40 சதவீத வரிசையில் மாட்டிக்கொள்கிறது. உங்கள் பட்ஜெட்டில் பிரெஸ்ஸாவின் அடிப்படை மேனுவல் வேரியன்ட்டைத்தான் எட்ட முடியும், ஆட்டோமேட்டிக் எட்டாது.

ஷோரூமில் யாரும் கேட்காத கேள்வி அம்மாவின் முழங்காலைப் பற்றியது. எனக்கு அதுதான் இங்கே முதல் கேள்வி. டிசையரின் உயரம் 1525 மில்லிமீட்டர், பலேனோ 1500. இரண்டிலும் குனிந்து, சீட்டுக்குள் இறங்கி உட்கார வேண்டும். இறங்கும்போது முழங்காலை ஊன்றி எழ வேண்டும். மூட்டுவலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இந்த எழுவதுதான் பெரும்பாடு. வேகன்-ஆர் 1675, பிரெஸ்ஸா 1685. இவற்றில் நாற்காலியில் உட்காருவதுபோல் நேராக உட்கார்ந்து நேராக எழலாம். ஃப்ராங்க்ஸ் பார்க்க எஸ்யூவி போலத் தெரிந்தாலும் கூரை 1550தான், பின்பக்கம் அது சரிந்து வேறு இறங்குகிறது.

அப்படியானால் வேகன்-ஆர் போதுமே என்று தோன்றும். தினசரி அலுவலகம், மார்க்கெட், ஆஸ்பத்திரி என்று ஊருக்குள் மட்டும் என்றால் நானும் அதையே சொல்வேன். ஆனால் நீங்கள் ஐந்து பேராக மாதாமாதம் நெடுஞ்சாலையில் போகிறீர்கள். 2023-இல் குளோபல் என்கேப் என்ற அமைப்பு நடத்திய மோதல் சோதனையில், ஐந்துக்கு, வேகன்-ஆருக்குக் கிடைத்தது ஒரே ஒரு நட்சத்திரம். அப்போது அதில் இரண்டு ஏர்பேக், இப்போது ஆறு. ஏர்பேக் கூடியது நல்லதுதான், ஆனால் அதனால் மட்டும் பாடியின் உறுதி கூடிவிடாது. 2024 நவம்பரில் இதே அமைப்பின் சோதனையில் டிசையர் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கியது. மாருதி காருக்கு அதுதான் முதல் முறை. பிள்ளைகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ராஜபாளையம் சாலையில் லாரிகளுக்கு நடுவே போகும்போது இந்த வித்தியாசத்தை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

டிக்கியும் டிசையருக்கே சாதகம்: 382 லிட்டர். ஸ்விஃப்டில் 265தான். ஐந்து பேரின் பைகளோடு ஊரிலிருந்து திரும்பும்போது அரிசி மூட்டையும் வரும் என்றால் ஸ்விஃப்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

மனைவிக்காக ஆட்டோமேட்டிக் யோசிக்கிறீர்கள் என்றால், இந்த விலையில் மாருதி தருவது ஏஎம்டி. சாதாரண மேனுவல் கியர்பாக்ஸில் கிளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் நமக்குப் பதிலாக ஒரு மோட்டார் அமைப்பு செய்கிறது, அவ்வளவுதான். கியர் மாறும்போது ஒரு நொடி தயங்கி முன்னால் தள்ளுவது போலிருக்கும். ஆக்சிலேட்டரை மெதுவாக மிதித்தால் அது குறையும், இரண்டு வாரத்தில் பழகிவிடும். மேம்பால ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டரிலேயே வண்டியை நிறுத்திவைக்கும் பழக்கம் மட்டும் வரக்கூடாது, கிளட்ச் தேய்ந்துவிடும். புதிதாகப் பழகுபவருக்கு ஏஎம்டி நல்ல துணை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சிஎன்ஜிக்கு வருகிறேன். மாருதியில் சிஎன்ஜியும் ஆட்டோமேட்டிக்கும் சேர்ந்து கிடைக்காது. டிசையரில் எரிவாயு சிலிண்டர் டிக்கியில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும், இன்ஜின் சக்தியும் 70 குதிரைத்திறனுக்கு இறங்கும். உங்கள் ஓட்டம் மாதம் சுமார் 1,100 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் மிச்சம் என்று வைத்தாலும் மாதம் 2,200 ரூபாய். சிஎன்ஜிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் 90,000 என்று வைத்துக்கொண்டால், அது திரும்பி வரவே மூன்றரை வருஷம் போகும். மாதம் 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுபவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வேன். உங்களுக்கு வேண்டாம்.

சரி, எதை வாங்குவது? டிசையர் விஎக்ஸ்ஐ (அடிப்படைக்கு அடுத்த வேரியன்ட்) ஏஎம்டி. ஆனால் ஒரு நிபந்தனை. முன்பணம் கட்டும் முன் அம்மாவை ஷோரூமுக்கு அழைத்துப் போங்கள். டிசையர், வேகன்-ஆர், பிரெஸ்ஸா மூன்றும் மாருதியின் இருவகை ஷோரூம்களில் அரீனாவிலேயே இருக்கும். (பலேனோவும் ஃப்ராங்க்ஸும் நெக்ஸாவில்.) டிசையரின் பின்சீட்டில் அம்மா யார் கையையும் பிடிக்காமல் மூன்று முறை உட்கார்ந்து எழட்டும். முன்சீட்டிலும் ஒருமுறை பாருங்கள், அதை உயர்த்தும் வசதி ஓட்டுநர் பக்கம் மட்டும்தானா என்று கேளுங்கள். மூன்றாவது முறை அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் பிரெஸ்ஸா மேனுவலுக்கு மாறிவிடுங்கள். மனைவி கிளட்ச் பழக இன்னும் இரண்டு மாதம் ஆகலாம், பரவாயில்லை.

டெஸ்ட் டிரைவை காலியான ரிங் ரோட்டில் முடித்துவிடாதீர்கள். மாலை ஆறு மணிக்குப் போய், நெரிசலான சிம்மக்கல் பக்கம் ஒரு சுற்று மனைவியையே ஓட்டச் சொல்லுங்கள். அப்புறம், இன்சூரன்ஸை டீலரிடம்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அதே அளவு பாதுகாப்புக்கு வெளியில் ஒரு விலை கேட்டு, கையில் எழுதி வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.