கடலில் இறங்குபவர்களுக்கு சோலார் டைவ் வாட்ச் தேவையா, சாதாரண பேட்டரி வாட்ச் போதாதா?

சர்ஃபிங், ஸ்கூபா என்று அடிக்கடி தண்ணீரில் இருப்பவர் என்றால் சோலாரே வாங்குங்கள். பேட்டரி மாற்றும் செலவு மிச்சம் என்பது சின்ன விஷயம்தான். பேட்டரி மாற்ற ஒவ்வொரு முறை பின்மூடியைத் திறக்கும்போதும் தண்ணீர் புகாமல் தடுக்க உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் அசைந்து, மூடும்போது ஒரு மணல் துகளோ நூலிழையோ மாட்டிக்கொண்டால் போதும், அடுத்த டைவில் கண்ணாடிக்குள் ஆவி படிந்துவிடும். சோலாரில் மூடியைத் திறக்கும் வேலையே பல வருடங்களுக்கு வராது. ஆனாலும் ரப்பருக்கு வயதாகும், அதனால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்துவிடுங்கள்.

வெயில் இல்லாவிட்டால் நின்றுவிடுமோ என்ற பயம் வேண்டாம். முழு சார்ஜில் சிட்டிசன் ப்ரோமாஸ்டர் பிஎன்0150 இருட்டிலேயே சுமார் 6 மாதம் ஓடும், சீகோ ப்ராஸ்பெக்ஸில் வி157 இயந்திரம் உள்ளவை 10 மாதம். சார்ஜ் குறைந்தால் விநாடி முள் இரண்டு இரண்டு விநாடியாகத் தாவும், அதுதான் எச்சரிக்கை. உடனே வெளிச்சத்தில் வையுங்கள், ஆனால் கார் டாஷ்போர்டில் வேண்டவே வேண்டாம், அந்தச் சூடு ரப்பரையும் உள்ளே சார்ஜைச் சேமிக்கும் செல்லையும் கெடுத்துவிடும்.

வாங்கும்போது "200 மீட்டர்" என்பதோடு டைவ் வாட்ச்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 6425-ம் இருக்கிறதா பாருங்கள், அதில் ஒவ்வொரு வாட்சையும் குறித்த ஆழத்தைவிட 25% கூடுதல் அழுத்தத்தில் சோதிக்கிறார்கள். அப்புறம், தண்ணீரில் இறங்குமுன் வாட்சின் பக்கவாட்டில் நேரம் மாற்றும் திருகு முழுக்க இறுகியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். கரையேறியதும் நல்ல தண்ணீரில் அலசுங்கள்.