பிளஸ் டூ மாணவியும் ஜப்பானியத் தூரிகையும்

வணக்கம் அம்மா. ஜப்பானிய எழுத்துக்கலைதான் படிப்பேன் என்று மகள் ஒற்றைக்காலில் நிற்பதாக எழுதியிருந்தீர்கள். "இது சோறு போடுமா?" என்று கேட்டீர்களே, அதை மட்டும் நம்பினால் போடாது. ஜப்பானிலேயே ஷோடோ (அந்தத் தூரிகை எழுத்துக்கலையின் பெயர்) கலைஞர்களில் பலருக்கு வகுப்பு நடத்தித்தான் பிழைப்பு ஓடுகிறது. அங்கே மூன்றாம் வகுப்பிலேயே பள்ளியில் தூரிகை எழுத்து ஆரம்பமாகிவிடும். அதைக் கற்றுக்கொடுக்க அந்த ஊரிலேயே ஆட்கள் இருக்கிறார்கள்.

அதற்காக ஏதோ பொழுதுபோக்கு என்று தள்ளிவிடாதீர்கள். சீன எழுத்தை வாங்கி, புத்த சூத்திரங்களைப் படியெடுத்துப் படியெடுத்து வளர்ந்த கலை அது. 804-இல் சீனாவுக்குப் போன கூக்காய் என்ற துறவி, நம் நாட்டிலிருந்து அங்கே போயிருந்த சித்தம் என்ற சம்ஸ்கிருத எழுத்துமுறையையும் கற்றுத் திரும்பினார். அவரையும் சாகா பேரரசரையும் தச்சிபானா நோ ஹயனாரியையும் இந்தக் கலையின் 'மூன்று தூரிகைகள்' என்று கொண்டாடுவார்கள். சீன பாணியிலிருந்து விலகி ஜப்பானுக்கென்று ஒரு நடை வந்தது அடுத்த நூற்றாண்டில், ஓனோ நோ மிச்சிகாசே என்ற எழுத்துக்கலைஞரின் காலத்தில்.

மகளின் ஆர்வம் நிஜமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. 'எய்' என்று ஓர் எழுத்து. அடிப்படைக் கோடுகள் எட்டும் அதற்குள்ளேயே அடக்கம். புள்ளி, கிடைக்கோடு, கொக்கி என ஒவ்வொன்றிலும் தூரிகையை அழுத்துவதும் தூக்குவதும் வேறு. கோடு பிசகினால் மேலே பூசித் திருத்தக்கூடாது, புதுத் தாள் எடுக்க வேண்டும். மூன்று மாதம் அந்த ஓர் எழுத்தோடு உட்காரட்டும். அலுத்துப்போனால் உங்களுக்குக் கவலையே இல்லை!

அலுக்கவில்லையா? அப்போதும் நேராக ஷோடோ வேண்டாம். மொழிதான் முதல். ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித்திறன் தேர்வு ஜூலை, டிசம்பரில் சென்னையிலேயே நடக்கிறது. ஆரம்ப நிலையான என்5-இல் தொடங்கி மேல்நிலையான என்2 வரை வந்துவிட்டால், ஒரகடம் பக்கத்து ஜப்பானியக் கம்பெனிகளில் மொழிபெயர்ப்பு வேலைக்கு முயற்சி செய்யலாம். கூடவே டிசைன் பட்டப்படிப்பு. யூசீட் நுழைவுத்தேர்வு எழுதினால் ஐஐடி பாம்பே, டேட் நுழைவுத்தேர்வு எழுதினால் என்ஐடி (தேசிய வடிவமைப்பு நிறுவனம்). எழுத்துரு வடிவமைப்புக்கு இந்தக் கைப்பழக்கம் நேரடியாக உதவும். பட்டம் வாங்கியபின் ஜப்பான் தூதரகம் வழியாக அந்நாட்டு அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகைக்குப் போடலாம். அங்கே சுகுபா பல்கலைக்கழகத்தில் எழுத்துக்கலையை முறையாகவே படிக்கலாம்.

ஒன்று மட்டும்: ஆன்லைனில் பார்த்து தூரிகைக்குப் பேர்போன குமானோ ஊரின் விலை உயர்ந்த தூரிகையெல்லாம் இப்போதே வாங்கித் தராதீர்கள். புகைக்கரியும் விலங்குப் பசையும் சேர்ந்த மைக்கட்டியைக் கல்லில் உரைப்பதெல்லாம் பிறகு. பாட்டில் மை, நடுத்தரத் தூரிகை ஒன்று, பழைய செய்தித்தாள்: இந்த வருஷத்துக்கு இது போதும்.