நாய்க்கு வீட்டுத் தீன்: தாளிக்க முதலே எடுத்து வையுங்கள்

குரக்கன் மாவில பிஸ்கற் செய்தால் உதிர்ந்து போகுது. கோதுமை மா சேர்க்காமல் செய்யேலாதோ? (கோண்டாவில்)

செய்யலாம். கோதுமையில் இருக்கிற குளூட்டன் குரக்கனிலும் அரிசியிலும் இல்லை. அதனால் பிடிப்பை வேறு வழியில் கொண்டுவர வேண்டும். அந்த வழி இடியப்பம் அவிக்கிற எல்லாருக்கும் தெரிந்ததுதான்: கொதிநீர்.

சிவப்பரிசி மா 100 கிராமுக்கு நன்றாகக் கொதித்த தண்ணீர் 70 மில்லிலீற்றர் விட்டு, அகப்பைக் காம்பால் கிளறி மூடி வையுங்கள். மாப்பொருள் வெந்து பசையாகும். கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறிய பிறகு குரக்கன் மா 100 கிராம், அவித்து நீர் வடித்து மசித்த பூசணி 80 கிராம், முட்டை ஒன்று, தேங்காயெண்ணெய் ஒரு தேக்கரண்டி சேர்த்துக் குழையுங்கள். உப்பு, சீனி, சர்க்கரை எதுவும் வேண்டாம். ஆற முதல் முட்டையை விட்டால் அது உடனே வெந்து திரளும். பிறகு பிடிப்பும் இல்லை.

அரைச் சென்ரிமீற்றர் தடிப்பில் தட்டி, 2 சென்ரிமீற்றர் சதுரங்களாக வெட்டுங்கள். ஏறக்குறைய 160 துண்டு வரும். ஓவனில் 160 பாகையில் 30 நிமிடம் வைத்து, நிறுத்திய பிறகும் உள்ளேயே ஆற விடுங்கள். கடைசி ஈரம் போவது அந்த நேரத்தில்தான். ஓவன் இல்லாதவர்கள் மாவை நீத்துப்பெட்டியிலோ இடியப்பத் தட்டிலோ 15 நிமிடம் அவித்து, ஆறியபின் வெட்டி, அடி தடித்த தாச்சியில் எண்ணெய் இல்லாமல் மெல்லிய நெருப்பில் பிரட்டிப் பிரட்டி எடுக்கலாம். மொறுமொறுப்புக் குறையும், நாய் கணக்கெடுக்காது.

பத்து நாளில பூஞ்சணம் பிடிச்சிட்டுது. அந்த இடத்தைச் சுரண்டிப்போட்டுக் குடுக்கலாமோ? (சாவகச்சேரி)

கூடாது. கண்ணுக்குத் தெரிகிறது மேற்பரப்பு மட்டும். நஞ்சு உள்ளே பரவியிருக்கலாம். முழுவதையும் எறியுங்கள், நாய் கிளறாத இடத்தில். காரணம் பெரும்பாலும் தடிப்பு ஒரே அளவில் இல்லாததுதான். ஓரம் காய்ந்து, நடு ஈரமாக நின்றிருக்கும். ஆறிய துண்டு ஒன்றை ஒடித்து நடுவை நகத்தால் அமத்திப் பாருங்கள். பதிந்தால் இன்னும் 10 நிமிடம் காய வேண்டும். சூட்டோடு ரின்னில் போட்டு மூடுவதும் அதே வேலையைத்தான் செய்யும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஒரு கிழமைக்கு வேண்டியதை வெளியில் வைத்து, மிச்சத்தைப் பிறீசரில் போடுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை குடுக்கலாம்? (நல்லூர்)

நாள் முழுவதும் தின்னும் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள். 10 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு நாளுக்கு 600 கலோரி அளவு தேவை, தீனுக்கு 60. மேலே சொன்ன பிஸ்கற் ஒன்று 5 கலோரி என்றால் 12 துண்டு. அந்த அளவுக்குச் சோற்றைக் குறைக்க வேண்டும், அதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

மிஞ்சின மீன்குழம்பு, இறைச்சிக் கறியைக் கழுவிப்போட்டு ஓவனில காயவைச்சால் என்ன? (குருநகர்)

வேண்டாம். எங்கள் கறியை எங்கள் கறியாக்குகிற சாமான்கள்தான் நாய்க்கு ஆகாதவை. வெங்காயமும் உள்ளியும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும்; சமைத்தாலும் காய்ச்சினாலும் அந்தக் குணம் போகாது, சாறு இறைச்சிக்குள் ஊறிய பிறகு கழுவியும் பயனில்லை. சின்ன வெங்காயம் சின்னது என்பதற்காகப் பாதுகாப்பானதல்ல. விளைவு உடனே தெரியாது. சில நாள் கழித்துப் பல் முரசு வெளிறும், சிறுநீர் கபிலநிறமாகும், நாய் சோர்ந்து படுக்கும்.

பழப்புளி பற்றிப் பலருக்குத் தெரியாது. முந்திரிகைப் பழமும் (திராட்சை) அதைக் காயவைத்த பிளம்ஸும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுப்பதற்கு அவற்றிலுள்ள தாத்தாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று 2021 முதல் மிருக வைத்தியர்கள் கருதுகிறார்கள். பழப்புளியிலும் அதே அமிலம் நிறைய உண்டு. புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பழுதடைந்திருக்கிறது. முந்திரிகைத் தோட்டம் பக்கத்தில் உள்ளவர்கள் கீழே விழுந்த பழத்தையும் கூட்டி அள்ளுங்கள். இத்தனை பழம்வரை பயமில்லை என்று சொல்ல அளவு கிடையாது.

செய்ய வேண்டியது சுலபம். தூளும் புளியும் விட முதல் இரண்டு துண்டு மீனை வேறாக வெறும் தண்ணீரில் அவித்து, முள் எடுத்து உதிர்த்து வையுங்கள். சமைத்த கோழி எலும்பு சிலாம்பாக உடைந்து குடலைக் குத்தும். அதைக் குடுக்கவே வேண்டாம். உப்புக் கருவாடும் அப்படித்தான், ஊறவைத்தாலும் உப்பு முழுக்க இறங்காது.

கோழி ஈரலை வெயிலில காயவைக்கலாமோ? (பருத்தித்துறை)

பச்சையாகக் கூடாது. வெயில் கிருமியைக் கொல்லுகிற சூட்டுக்குப் போகாது, இலையானும் மொய்க்கும். 250 கிராம் ஈரலை 10 நிமிடம் அவித்து, வடித்து, சிறு துண்டாக வெட்டி, ஓவனில் 110 பாகையில் ஒன்றரை மணித்தியாலம் வையுங்கள். இடையில் ஒருமுறை பிரட்ட வேண்டும். பிறிட்ஜில் ஒரு கிழமை நிற்கும். கிழமைக்கு இரண்டு மூன்று தரம், நகமளவு துண்டுகள் சில போதும். மாதக்கணக்கில் அளவு மீறினால் உயிர்ச்சத்து ஏ கூடி எலும்பு மூட்டுகளைப் பாதிக்கும்.

கனடாவிலயிருந்து வந்த பார்சலில கச்சான் பட்டர் போத்தல் இருக்கு. பிஸ்கற்றில போடலாமோ? (மானிப்பாய்)

முதலில் லேபலை வாசியுங்கள். சைலிட்டோல் (சீனிக்குப் பதிலாகப் போடுகிற இனிப்பு) அல்லது அதன் மறுபெயரான பேர்ச் சுகர், இ 967 என்று ஏதாவது இருந்தால் நாய் எட்டாத இடத்தில் வையுங்கள்: சிறு அளவிலேயே இரத்தச் சீனியை மளமளவென்று இறக்கி, ஈரலையும் கெடுக்கும். அதைவிட உப்பில்லாத வறுத்த கச்சானை வாங்கி, தோல் நீக்கி, சுருங்கினதையும் கறுத்ததையும் பொறுக்கி எறிந்துவிட்டு அரைப்பது நல்லது. பழுதான கச்சானில் அஃப்லாடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு இருக்கலாம், வறுத்தாலும் அது முழுக்கப் போகாது.

மரவள்ளி, ஒடியல் மா? (கோப்பாய்)

மரவள்ளியைத் தோல் சீவி, மூடாமல் நன்றாக அவித்து, தண்ணீரை ஊற்றிவிட்டுக் கொஞ்சம் கொடுக்கலாம். பச்சையாக ஒருபோதும் இல்லை. ஒடியல் மாவை விட்டுவிடுங்கள். வத்தாளங்கிழங்கு இருக்கும்போது அந்த வில்லங்கம் எதற்கு?

சித்திரை வெக்கைக்கு ஐஸ் மாதிரி ஏதாவது? (சுன்னாகம்)

விதை எடுத்த வத்தகப்பழத்தை மசித்து ஐஸ் தட்டில் உறையவிடுங்கள். அல்லது வெங்காயம், உப்பு இல்லாமல் அவித்த கோழித் தண்ணீரை ஆறவைத்து, மேலே படிந்த கொழுப்பை வழித்துவிட்டு உறையவிடலாம். விழுங்கிப் பழகிய நாய்க்குக் கட்டியாகக் கொடுக்காமல், தட்டத்தில் உடைத்துப் போடுங்கள்.