ஞாயிறு மாலைக் காட்சி: ஆறு பேருக்கும் சேர்ந்தாற்போல் முன்வரிசைதான் காலி, எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். நடு வரிசையில் மூன்று, அதற்கு நேர் பின்னால் மூன்று என்று பிரித்து எடுங்கள். படம் ஓடும்போது பேசப் போவதில்லையே.

முன்னால் கழுத்து வலி மட்டுமல்ல, ஒலியும் கெடும். திரையிலிருந்து அரங்கின் நீளத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு தள்ளித்தான் ஒலி சமநிலையாக விழும். 15 வரிசை அரங்கென்றால் 9 முதல் 11 வரை. முப்பரிமாணப் படமானால் ஓர இருக்கைகளில் படம் மங்கலாகத் தெரியலாம், நடுவை விடாதீர்கள்.

அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: முன்பதிவுத் தளத்தின் இருக்கை வரைபடத்தில் ‘திரை’ எந்தப் பக்கம் குறித்திருக்கிறது? சில அரங்குகளில் ஏ வரிசை முன்னால், சிலவற்றில் கடைசியில். நீங்கள் முன்வரிசை என்று நினைத்தது பின்வரிசையாகவே இருக்கலாம்.

நடு வரிசை முழுக்க அடைபட்டுத் தெரிந்தாலும் எல்லாம் விற்றுவிட்டதாக அர்த்தமில்லை. யாரோ தேர்ந்தெடுத்துவிட்டுப் பணம் கட்டும் பக்கத்தில் நிற்கலாம். கட்டாவிட்டால் சில நிமிடங்களில் இருக்கை விடுபடும். 10 நிமிடம் கழித்து மறுபடி திறந்து பாருங்கள்.

ஆறையும் ஒரே பதிவில் எடுங்கள். இரண்டு தடவையாகப் போட்டால், முதல் மூன்றுக்குப் பணம் போனபின் பின்வரிசை கைநழுவக்கூடும். நடுவே ஒற்றை இருக்கை மிஞ்சும் தேர்வைச் சில தளங்கள் ஏற்காது. ஒரு இடம் தள்ளிப் போடுங்கள்.