சூதில் தோற்றது கடனாகாது, சூதாட வாங்கியது கடன்தான்

திருப்பூர் வாசகி ஒருவர் எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது: “என் கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஆன்லைன் ரம்மியில் மூன்றரை லட்சம் வரை விட்டுவிட்டார். 2025 ஆகஸ்டில் அந்த ஆப்பில் பணம் கட்டி ஆடுவது நின்றதும், ‘விட்டது சனி’ என்று இருந்தேன். ஆனால் டெலிகிராமில் யாரோ அனுப்பிய தளத்தில் கிரிக்கெட் பெட்டிங் கட்ட ஆரம்பித்திருக்கிறார். ஒருமுறை ஜெயித்த 12,000 ரூபாய் அவருடைய சம்பளக் கணக்குக்கு வந்தது. இப்போது அந்தக் கணக்கு முழுவதும் முடங்கிக் கிடக்கிறது, வேறு மாநில சைபர் போலீஸ் சொல்லி முடக்கியதாக வங்கியில் சொல்கிறார்கள். தெரிந்த ஃபைனான்ஸ்காரர் ஒருவரிடம் அஞ்சு வட்டிக்கு 2 லட்சம் வாங்கி, புரோநோட்டும் தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்ட இரண்டு செக்கும் கொடுத்திருக்கிறார். எட்டு மாதம் வட்டி கட்டினோம். இப்போது முடியவில்லை, வீட்டு வாசலில் வந்து சத்தம் போடுகிறார்கள். இது போக, மேட்ச் பந்தயத்தில் தோற்ற 40,000 பாக்கி என்று கூட வேலை செய்பவர் ஒருவர் இவரிடம் எழுதி வாங்கியிருக்கிறார். என் நகையில் ஆறு பவுன் எனக்குத் தெரியாமல் அடகுக் கடையில் இருக்கிறது. விட்ட பணம் திரும்பக் கிடைக்குமா? கடனை நான் கட்ட வேண்டுமா? அவரைப் பிடித்து உள்ளே வைப்பார்களா?”

சகோதரி, நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒன்றிலிருந்தே ஆரம்பிக்கிறேன்: முடங்கிய கணக்கு. மற்றவற்றுக்குக் கொஞ்சம் நாள் இருக்கிறது. இதற்கு இல்லை. முதலில், கம்பெனியில் சொல்லி அடுத்த மாதச் சம்பளத்தை வேறு வங்கியில் புதிதாகத் திறக்கும் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள்.

கணக்கு ஏன் முடங்கியது என்பதை அவர் போனிலேயே பார்க்கலாம். யூபிஐ ஹிஸ்டரியைத் திறந்தால், ஒரே தளத்துக்குக் கட்டியதாக அவர் நினைக்கும் பணம் வேறு வேறு ஆட்கள் பெயருக்குப் போயிருக்கும். ஒருநாள் ஏதோ ஒரு மளிகைக் கடை, மறுநாள் ஏதோ ஒரு மொபைல் கடை. ஜெயித்த பணமும் இப்படித்தான் வருகிறது. எங்கோ ஒருவரை ஏமாற்றிப் பிடுங்கிய பணம் நாலைந்து கணக்குகள் மாறி, உங்கள் கணவருக்கு வெற்றித் தொகையாக வந்து விழுகிறது. ஏமாந்தவர் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்ததும், அந்தப் பணம் போன தடத்தில் இருக்கும் கணக்குகளை எல்லாம் போலீஸ் நிறுத்தச் சொல்கிறது. தளத்தை நடத்துகிறவன் சிக்குவதில்லை, பன்னிரண்டாயிரம் வாங்கியவர் சிக்குகிறார்.

வங்கிக்குப் போய் வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டாம். கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். புகார் எண், எந்த ஊர் எந்தக் காவல் நிலையம், அவர்களுடைய மின்னஞ்சல், சர்ச்சைக்குரிய தொகை எவ்வளவு என்ற நான்கும் எழுத்தில் வேண்டும். தொகை 12,000 என்றால், அந்த 12,000-ஐ மட்டும் ‘லீன்’ போட்டு நிறுத்திவைத்துவிட்டு மீதியை விடச் சொல்லிக் கேட்கலாம். 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் இதையேதான் உத்தரவாகப் போட்டது: சந்தேகத்துக்குரிய தொகை வரை நிறுத்திவைக்கலாம், முழுக் கணக்கையும் காலவரையின்றி முடக்கக் கூடாது. கணக்கை முடக்கும் அதிகாரம் போலீஸுக்கு, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் முடக்கியதைத் தாமதமின்றி மாஜிஸ்ட்ரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. நடைமுறையில் பல இடங்களில் அது நடப்பதில்லை. வங்கியும் போலீஸும் பதில் தராவிட்டால், அந்த ஊர் மாஜிஸ்ட்ரேட்டிடம் அதே சட்டத்தின் 503-ஆம் பிரிவில் மனுப் போடலாம், அல்லது உங்கள் கிளை தமிழ்நாட்டில் இருப்பதால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். திருப்பூரிலிருந்து ராஜஸ்தானுக்கோ தெலங்கானாவுக்கோ அலைவதைவிட இரண்டாவது வழி பலருக்குச் சௌகரியம்.

அந்தப் போலீஸுக்கு அனுப்பும் விளக்கக் கடிதத்தை நீங்களே எழுத வேண்டாம். “பெட்டிங்கில் ஜெயித்த பணம்” என்று எழுதினால் அது ஒப்புதல். “நண்பர் அனுப்பினார்” என்று எழுதினால் அது பொய், இரண்டாவது நாளே பிடிபடும். ஒரு வக்கீல் மூலம் அளந்து எழுத வேண்டிய கடிதம் அது. எழுதுவதற்கு முன் உங்கள் கணவரிடம் ஒன்றை நேராகக் கேட்டுவிடுங்கள்: கமிஷனுக்காகத் தன் கணக்கையோ சிம்மையோ யாருக்காவது கொடுத்தாரா? இல்லை என்றால் அவர் பணம் இழந்த ஒரு ஆட்டக்காரர். ஆம் என்றால் மோசடிக்குத் துணைபோனவர் என்று வழக்கு வரலாம். அப்போது இந்தப் பதில் போதாது, உடனே குற்றவியல் வக்கீலைப் பாருங்கள்.

சரி, ‘உள்ளே வைப்பார்களா’ என்ற பயத்துக்கு வருகிறேன். 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்திய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதையும் நடத்தக் கூடாது என்கிறது. நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி வரை அபராதமும். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு, 50 லட்சம் வரை. ஆடுகிறவருக்கு அதில் தண்டனை கிடையாது. ஆனால் தமிழ்நாட்டுக்குத் தனிச் சட்டம் இருப்பதை மறக்கக் கூடாது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நம் மாநிலச் சட்டத்தில், ஆன்லைன் சூதாட்டம் ஆடியவருக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. கிரிக்கெட் பெட்டிங் அதற்குள் வந்துவிடும். ஆட்டக்காரரைத் தேடிப்பிடித்து உள்ளே தள்ளுவது போலீஸின் வேலையாக இருப்பதில்லை. அதற்காகத் தொடர்ந்து ஆடலாம் என்று அர்த்தமில்லை.

ரம்மியில் விட்ட மூன்றரை லட்சத்தை மறந்துவிடுங்கள். கசப்பாக இருக்கும், ஆனால் இதில் நம்பிக்கை கொடுத்து ஃபீஸ் வாங்குகிறவரிடம் போய்விடாதீர்கள் என்பதற்காகவே இவ்வளவு பட்டவர்த்தனமாகச் சொல்கிறேன். அவர் ஆடிய காலத்தில் அது சட்டப்படி நடந்த ஆட்டம். செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் 1967-லேயே உச்ச நீதிமன்றம் பதின்மூன்று சீட்டு ரம்மியைத் திறமை ஆட்டம் என்று சொல்லிவிட்டது. அதை வைத்துத்தான் தமிழக அரசு 2021-இல் கொண்டுவந்த தடை சென்னை உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. அடுத்த சட்டத்திலும் ரம்மி, போக்கரைச் சேர்த்த பகுதி 2023 நவம்பரில் ரத்தானது. அப்புறம் அரசு வேறு வழியில் வந்தது. இரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது, ஆதார் சரிபார்ப்பு கட்டாயம் என்று 2025 பிப்ரவரியில் விதிகள் போட்டது. அந்த விதிகளை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் ஏற்றது. இரண்டரை மாதத்தில் மத்திய சட்டமே வந்து, திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சுக்கே இடமில்லை, பணம் கட்டி ஆடினால் தடை என்று முடித்துவிட்டது. சட்டத்தை எதிர்த்து நிறுவனங்கள் போட்ட வழக்குகளை உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது. அந்த வழக்குகள் எப்படி முடிந்தாலும், முன்பு ஆடித் தோற்ற பணம் உங்களுக்குத் திரும்பி வரப்போவதில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு: ஆப்பின் வாலட்டில் ஆடாமல் மீதமிருந்த தொகை. அது அவருடைய பணம். எடுத்தாரா என்று பாருங்கள்.

இனி கடன்கள். இரண்டும் ஒரே மாதிரித் தெரியும். சட்டத்துக்கு இரண்டும் வேறு வேறு.

கூட வேலை செய்பவரின் 40,000 கடனே அல்ல. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு, பந்தய ஒப்பந்தம் செல்லாது, பந்தயத்தில் ஜெயித்ததாகச் சொல்லி யாரும் வழக்குப் போட முடியாது என்கிறது. 1872-இலிருந்து இருக்கும் பிரிவு இது. ஆனால் எழுதி வாங்கிய காகிதத்தில் என்ன இருக்கிறது? “பந்தயத்தில் தோற்றேன்” என்று எவரும் எழுதி வாங்குவதில்லை. “குடும்பச் செலவுக்காகக் கைமாற்றாக வாங்கினேன்” என்றுதான் இருக்கும். அப்படியானால், அது பந்தயப் பணம் என்பதை நிரூபிக்கும் சுமை உங்கள் பக்கம் வரும். இருவருக்கும் இடையே நடந்த வாட்ஸ்அப் உரையாடல்தான் சாட்சி. எந்த மேட்ச், எவ்வளவு, யார் பக்கம் என்ற செய்திகள் அதில் கிடக்கும். வெறுத்துப்போய் உங்கள் கணவர் அதை அழிப்பதற்கு முன் ஏற்றுமதி செய்து, பத்திரமாக இன்னொரு இடத்தில் வையுங்கள்.

ஃபைனான்ஸ்காரரின் 2 லட்சம் அப்படியல்ல. சூதாடத்தான் வாங்கினேன், அதனால் கட்ட வேண்டாம் என்று வாதிட முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். 1959-இல் கெருலால் பரேக் வழக்கில் உச்ச நீதிமன்றம், பந்தயம் செல்லாததே தவிர சட்டவிரோதமானது அல்ல, அதனால் அதைச் சார்ந்த கொடுக்கல் வாங்கல் செல்லும் என்று சொன்னது. இப்போது ஆன்லைன் சூதாட்டமே குற்றமாகிவிட்டதால், ‘தெரிந்தே குற்றத்துக்குப் பணம் கொடுத்தார்’ என்று ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆவது பிரிவில் ஒரு வாதம் வைக்கலாம். நான் அதை நம்பி வழக்கை நடத்த மாட்டேன். அவருக்குத் தெரியும் என்பதை எப்படி நிரூபிப்பீர்கள்? கல்யாணச் செலவு என்று சொல்லித்தானே வாங்கியிருப்பார்.

செக் விஷயத்தில் ஒரு தவறான யோசனை ஊரெல்லாம் சுற்றுகிறது: வங்கியில் ‘ஸ்டாப் பேமென்ட்’ கொடுத்துவிட்டால் போதும் என்று. போதாது. அதற்குப் பிறகும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் செக் மோசடி வழக்கு வரும். தொகை எழுதாத செக் என்பதும் தப்பிக்கும் வழியல்ல. தானாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுச் செக்கை வாங்கியவர் நிரப்பினாலும், அது கடனுக்காகக் கொடுத்ததுதான் என்ற அனுமானம் எழும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. செக் திரும்பினால் அவர் 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், கிடைத்த 15 நாளுக்குள் உங்கள் கணவர் பணம் கட்ட வேண்டும். அந்தத் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்பாதீர்கள். வாங்கி, எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கட்டினோம், செக் எதற்காகக் கொடுத்தோம் என்று பதில் நோட்டீஸ் அனுப்புங்கள். பல வழக்குகள் கோர்ட்டில் அல்ல, அனுப்பாத அந்தப் பதில் நோட்டீஸில்தான் தோற்கின்றன. கொடுத்த செக் இரண்டும் முடங்கிய கணக்கினுடையவையா என்றும் பார்த்து வக்கீலிடம் சொல்லுங்கள், வழக்கின் போக்கையே அது மாற்றக்கூடும்.

உங்கள் பிடி வட்டியில் இருக்கிறது. 2 லட்சத்துக்கு அஞ்சு வட்டி என்றால் மாதம் 10,000, ஆண்டுக்கு 60 சதவீதம். எட்டு மாதத்தில் 80,000 போய்விட்டது. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டின் அதீத வட்டித் தடைச் சட்டம், அதாவது நாம் கந்துவட்டிச் சட்டம் என்று சொல்வது, அரசு நிர்ணயித்த விகிதத்துக்கு மேல் வட்டி வாங்குவதைக் குற்றமாக்குகிறது. 3 ஆண்டு வரை சிறை உண்டு. நியாயமாகச் சேர வேண்டியதைக் கோர்ட்டில் கட்டி, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யச் சொல்லிக் கடன் வாங்கியவரே மனுப் போடவும் அதில் வழி இருக்கிறது. வட்டி கட்டிய ஜி பே பதிவுகளை எடுத்து வையுங்கள். கையில் கொடுத்திருந்தால் தேதி வாரியாக எழுதுங்கள். வாசலில் வந்து கத்தினால் போனில் பதிவு செய்து, காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து, புகார் பதிவானதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். என் அனுபவத்தில், இந்த ரசீது கைக்கு வந்த பிறகுதான் பெரும்பாலான ஃபைனான்ஸ்காரர்கள் உட்கார்ந்து பேசவே வருவார்கள். அசலில் மீதியைத் தவணையில் தருவதாகப் பேசி முடித்தால், புரோநோட்டும் செக்கும் கையில் திரும்பி வந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.

இந்தக் கடன்கள் எதையும் நீங்கள் கட்டத் தேவையில்லை. மனைவி என்பதற்காகக் கடன் தலையில் ஏறாது, ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால்தான் ஏறும். சமாதானம் பேசும் சாக்கில், “சாட்சிக்கு ஒரு கையெழுத்து” என்று உங்கள் முன் காகிதத்தை நீட்டுவார்கள். போடாதீர்கள்.

நகை உங்களுடையது. அது சீதனம். கணவரே எடுத்தாலும் அது அவருடைய சொத்தாகிவிடாது என்பதை 1985-இலேயே உச்ச நீதிமன்றம் பிரதிபா ராணி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கணவர் மேல் புகார் கொடுப்பதா என்பது நீங்கள் முடிவு செய்ய வேண்டியது. நான் அவசரப்பட மாட்டேன். ஆனால் அடகுச் சீட்டை இன்றே வாங்கி, கெடு தேதியைப் பாருங்கள். நகை உங்களுடையது, உங்கள் சம்மதம் இல்லாமல் அடகு வைக்கப்பட்டது, ஏலம் விடக் கூடாது என்று கடைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். கல்யாண போட்டோவில் அந்த நகை தெரிந்தால் அதையும் வாங்கிய பில்லையும் எடுத்து வையுங்கள்.

கடைசியாக ஒன்று, சட்டம் சம்பந்தப்பட்டதல்ல. அவர் சாப்பிடாமல், தூங்காமல், விபரீதமாக ஏதாவது பேசினால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை.